அரை வோல்ட்டில் அடங்கிய பாட்டு

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பாவின் பெட்டியைத் திறக்கும் நாள் புதுச்சேரியில் பல வீடுகளுக்குத் திருநாள். சாக்லேட், சென்ட், ஒயின் போத்தல் எல்லாம் வரும். கொஞ்ச காலமாக அவற்றோடு ஒரு விரல் நீள வெள்ளை ஒயரும் வருகிறது. ஒரு முனையை போனில் செருக வேண்டும், மறுமுனையில் ஹெட்போனைச் செருக வேண்டும். 2016 செப்டம்பரில் ஐபோன் 7 ஹெட்போன் துளையை எடுத்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. அன்று முதல் ஒயர் வைத்த ஹெட்போனில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்த டாங்கிள்தான் துணை.

பார்க்கச் சாதாரண இணைப்பு ஒயர். ஆனால் அதன் தலைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. போன் அனுப்பும் எண்களை மின் அலையாக மாற்றுவது ஒன்று, அதுதான் டேக். அந்த மெல்லிய அலைக்கு ஹெட்போனை இயக்கும் பலம் கொடுப்பது இன்னொன்று, அதுதான் ஆம்ப். கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பெட்டிகள் செய்வதும் இதே இரண்டு வேலையைத்தான்.

ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயரின் மேல் மிகப் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அமெரிக்காவில் விற்பது ஏ2049, ஐரோப்பாவில் விற்பது ஏ2155. உருவம், நிறம், விலை எதிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முழு ஒலியில் வைத்தால் முதலாவது ஏறத்தாழ 1 வோல்ட் தரும், இரண்டாவது அதில் பாதிதான் தரும். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா அனுப்பியதில் கணீரென்று கேட்ட ஹெட்போன், பாரிஸ் சித்தப்பா கொண்டு வந்ததில் அடங்கிப் போவது இதனால்தான். ஹெட்போன் பழுது என்று நினைத்து அதைப் பரணில் போட்டவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்றால் பெரிய ஆம்ப் வாங்கக் கிளம்புகிறார்கள். இந்த அரை வோல்ட்டைப் புரிந்துகொண்டால், ஹெட்போனுக்கு ஆம்ப் பொருத்தும் வித்தையில் முக்கால் பங்கு கைவந்துவிடும்.

பிரான்ஸ் போட்ட பூட்டு

ஐரோப்பியச் சரக்கு ஏன் பாதி? இதன் வேர் பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது. 1996 மே 28-ஆம் தேதியிட்ட ஒரு சுகாதாரச் சட்டம், பிரான்சில் விற்கும் வாக்மேன் வகைக் கருவிகள் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. இளைஞர்களின் காதைக் காக்க எடுத்த முடிவு அது. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தத் தேதி வேறு விதத்திலும் பழக்கமானது. புதுச்சேரியையும் காரைக்கால், மாகே, ஏனாம் பகுதிகளையும் இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது சரியாக நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1956 மே 28-இல். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை நம் மக்களுக்குக் கொடுத்ததும் அந்த ஒப்பந்தம்தான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பாரிஸில் இருப்பதும், அவர்கள் பெட்டியில் இந்த டாங்கிள் வருவதும் அங்கே தொடங்கிய கதை.

சட்டம் வெறும் காகிதமாக இருக்கவில்லை. 2002-இல் ஐபாட் அந்த வரம்பைத் தாண்டுகிறது என்று தெரிந்ததும், ஆப்பிள் பிரெஞ்சுக் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டு, மென்பொருளில் ஒலியைக் குறைத்த பிறகே மறுபடி விற்றது. பின்னர் ஐரோப்பா முழுவதற்குமான தர அளவும் வந்தது. தனியாக விற்கும் கருவி, இசையை ஒத்த சோதனை ஒலியில் 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் தரக் கூடாது என்பது அதில் ஒரு விதி. இன்னொரு பிரெஞ்சு விதியையும் நம் ஊரில் பலர் அறியாமலே அனுபவித்திருக்கிறார்கள். 2020-இல் ஐபோன் 12 வந்தபோது உலகம் முழுவதும் பெட்டியிலிருந்து இயர்போன் காணாமல் போனது. பிரான்சில் மட்டும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது. போனின் கதிர்வீச்சு குழந்தைகளின் தலைக்கு அருகில் போகக் கூடாது என்பது அதன் நோக்கம். 2022 தொடக்கம் வரை பிரான்சிலிருந்து வந்த ஐபோன்களோடு இயர்போனும் சேர்ந்து வந்தது அதனால்தான்.

அந்த ஒலி வரம்பை நான் குறை சொல்ல மாட்டேன். மக்களின் காதுக்காக ஒரு அரசு கம்பெனிகளைப் பணிய வைத்தது நல்ல காரியம். ஆனால் சட்டம் மனதில் வைத்திருந்தது பெட்டியோடு வரும் சின்ன இயர்போனை. அதற்கு அரை வோல்ட் தாராளம். ஸ்டுடியோவுக்காகச் செய்த, 300 ஓம் மின்தடை கொண்ட ஹெட்போனை அதே ஒயரில் மாட்டுவார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

எத்தனை வோல்ட் வேண்டும்?

இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் உலகெங்கும் இசைக்காரர்கள் மதிப்பவை. ஒன்று ஆடியோ-டெக்னிகாவின் எம்50எக்ஸ், 38 ஓம். மற்றொன்று 1997 முதல் இன்று வரை பெரிய மாற்றமில்லாமல் விற்றுக்கொண்டிருக்கும் சென்ஹைசர் எச்டி 600, 300 ஓம்.

1 வோல்ட் கொடுத்தால் எச்டி 600 போடும் ஒலி 97 டெசிபல். எம்50எக்ஸ் ஏறத்தாழ 113. உச்ச ஒலி 105 டெசிபல் வரை போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எம்50எக்ஸுக்கு 0.4 வோல்ட் போதும். எச்டி 600 கேட்பது 2.5 வோல்ட். பாரிஸ் டாங்கிள் முதல் ஹெட்போனுக்கு மிச்சம் வைத்துக் கொடுக்கிறது. இரண்டாவதுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கிறது. ஒயர் அதே, போன் அதே, பாட்டு அதே.

105 டெசிபல் என்றதும் பயப்பட வேண்டாம். நாள் முழுவதும் அந்த அளவில் கேட்கச் சொல்லவில்லை. நல்ல பதிவில் சராசரி ஒலிக்கும் உச்சத்துக்கும் இடையே 20 டெசிபல் இடைவெளி இருக்கலாம். நாதஸ்வரக் கச்சேரியில் ராக ஆலாபனை மெல்ல விரியும்போது தேவைப்படுவது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. தனி ஆவர்த்தனத்தில் தவில்காரர் இடந்தலையில் ஒரு அடி வைக்கிறார், அந்தக் கணத்தில் பத்து மடங்கு வோல்ட் வேண்டும். அந்த இருப்பு ஆம்ப்பிடம் இல்லையென்றால் அடியின் தலை வெட்டுப்படும். சத்தம் வரும், ஆனால் தோலில் குச்சி பட்ட கூர்மை வராது. சினிமாப் பாட்டை மட்டும் கேட்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் இன்றைய பாட்டுகளைப் பதிவிலேயே நெருக்கிச் சமப்படுத்திவிடுகிறார்கள். கர்நாடக இசையும் பழைய நேரடிப் பதிவுகளும் கேட்பவர்களுக்குத்தான் ஆம்ப்பின் இருப்பு முக்கியம்.

இந்தக் கணக்கை உங்கள் ஹெட்போனுக்குப் போடும்போது ஒரு பொறி உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் சென்சிட்டிவிட்டி எண்ணைச் சிலர் 1 வோல்ட்டுக்குச் சொல்வார்கள், சிலர் 1 மில்லிவாட்டுக்குச் சொல்வார்கள். ஏகேஜி கே701-இன் பெட்டியில் 105 டெசிபல் என்று இருக்கும். அது 1 வோல்ட்டுக்கு. 62 ஓம் கொண்ட அந்த ஹெட்போனுக்கு மில்லிவாட் கணக்கில் சொன்னால் 93 ஆகிவிடும். பன்னிரண்டு டெசிபல் இடைவெளி! 105-ஐ மில்லிவாட் கணக்கு என்று நம்பி வாங்கினவர், சுலபமாக ஓடும் ஹெட்போன் என்று நினைத்து ஏமாந்து போவார். எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு இருக்கிறது என்று பார்த்த பிறகே பேரம் பேசுங்கள்.

ஓம் அதிகமாக இருந்தால் கடினம், குறைவாக இருந்தால் சுலபம் என்று கடைக்காரர்கள் சொல்வதும் பாதிதான் உண்மை. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதே 105 டெசிபலுக்கு அதற்கு வேண்டியது 2.7 வோல்ட், எச்டி 600 கேட்டதைப் போலவே. மின்னோட்டம்தான் வேறு. எச்டி 600 சுமார் 8 மில்லிஆம்பியர் எடுக்கும், எச்இ-6 ஐம்பதைத் தாண்டும். வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சிறிய டாங்கிள் முதலாவதோடு நன்றாகவே போகும், இரண்டாவதில் திணறும். இப்படிப்பட்ட பிளானர் வகை ஹெட்போன் வாங்குகிறவர் மேசை மேல் வைக்கும் ஆம்ப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். வேறு வழியில்லை.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் மில்லிவாட்டை அப்படியே நம்பக் கூடாது. 4 வோல்ட் தரும் ஆம்ப் 32 ஓமில் 500 மில்லிவாட் தரும் என்று பெருமையாகப் போடுவார்கள். அதே ஆம்ப் 300 ஓமில் தருவது 53 மில்லிவாட். இரண்டும் பொய்யில்லை. உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கொடுக்காத கம்பெனியின் பொருளை நான் தொட மாட்டேன்.

பழைய ஆம்ப்பும் உருண்டைப் பிளக்கும்

பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சில வீடுகளின் கூடத்தில் இன்னும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் மின்சாரம் ஒரே அளவு, ஒரே 50 சுழற்சி என்பதால், அமெரிக்கப் பொருளைப் போல டிரான்ஸ்ஃபார்மர் தேடாமல் அவை இங்கே ஓடின. அவற்றின் முகப்பில் தடித்த ஹெட்போன் துளை ஒன்று இருக்கும். அதில் இன்றைய ஹெட்போனை மாட்டலாமா என்றால், எந்த ஹெட்போன் என்பதைப் பொறுத்தது.

பழைய ஆம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தையே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஹெட்போன் துளைக்கு விட்டார்கள். 1996-இல் வந்த சர்வதேச தர அளவுகூட 120 ஓம் என்று சொன்னது. ஆம்ப்பின் சொந்த ஓம் இவ்வளவு கூடுதலாக இருந்தால், ஹெட்போனின் குரல் மாறும். எந்த ஹெட்போனின் ஓமும் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. எச்டி 600 பெயருக்கு 300 ஓம், தாழ்ந்த சுரங்களில் 500-ஐத் தாண்டும். 120 ஓம் ஆம்ப்பில் அந்த இடம் மட்டும் ஏறக்குறைய 1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பிக்குக் கொஞ்சம் சதை கூடும். பலருக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் 9 ஓம் கொண்ட ஷுர் எஸ்இ846 போன்ற காதுக்குள் செருகும் வகையை அங்கே மாட்டினால் கதை தலைகீழ். அதன் ஓம் சுரத்துக்குச் சுரம் ஏறி இறங்கும், குரலே வேறு ஆளின் குரல் போலாகும். நாதஸ்வரத்துக்கு நாதஸ்வரம் சீவாளி தேர்ந்தெடுப்பது போன்ற வேலை இது. நல்ல சீவாளி, நல்ல வாத்தியம் என்று இரண்டையும் தனித்தனியாகப் புகழ்ந்து பயனில்லை.

ஆம்ப்பின் ஓம், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது இன்று பரவலாக ஏற்ற கணக்கு. அதைப் பரப்பியவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லாமலே இருந்துவிட்ட ஒரு பொறியாளர். 2011-இல் ஓ2 என்ற ஆம்ப்பின் வரைபடத்தை அளவீடுகளோடு உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், சொந்த ஓம் அரை ஓம்தான். விலை உயர்ந்த பெட்டிகளை அது அளவீட்டில் தோற்கடித்தது. அடுத்த ஆண்டே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இன்று சில ஆயிரம் ரூபாயில் சுத்தமான ஆம்ப் கிடைப்பதில் அந்த முகம் தெரியாத மனிதருக்கும் பங்குண்டு.

பிரான்சிலிருந்து வரும் மேசை ஆம்ப்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் பிளக்கில் இரண்டு உருண்டைக் கால்கள் இருக்கும். எர்த்துக்குக் கால் கிடையாது. பிரான்சில் சுவரில் உள்ள சாக்கெட்டிலிருந்துதான் எர்த் முள் நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கு ஒரு குழிதான். நம் சாக்கெட்டில் அந்தக் கால்கள் நுழைந்துவிடும், ஆம்ப் ஓடும், எர்த் மட்டும் சேராது. ஹெட்போனில் உம்மென்ற இரைச்சல் கேட்பதற்கும், உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். இரைச்சலைப் போக்க விலை உயர்ந்த ஒயர் வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நம் ஊர் மூன்று கால் பிளக்கை மாட்டுங்கள். பழைய வீடாக இருந்தால் அந்த சாக்கெட்டுக்கு எர்த் வருகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். பாட்டுக்கு மட்டுமில்லை, உயிருக்கும் அது அவசியம்.

டேக்குக்கு எவ்வளவு செலவிடலாம்?

என் பதில்: முதலில் ஹெட்போன், அடுத்து அதற்கு ஏற்ற ஆம்ப், மிச்சம் இருந்தால் டேக். 1982-இல் வந்த சிடியின் 16 பிட் ஒலியே மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையே 96 டெசிபல் இடம் கொடுக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போது 50 டெசிபல் அளவில் சத்தம் இருக்கும். ஃபேன் இல்லாமல் மே மாதம் புதுச்சேரியில் உட்கார முடியுமா? அந்தச் சத்தத்துக்கு மேல் 96 டெசிபலையும் முழுசாகக் கேட்க வேண்டுமானால் 146 டெசிபல் வரை போக வேண்டும், காது கிழிந்துவிடும். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கள் அந்த அறையில் எதையும் கூட்டித் தராது. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வரும் டாங்கிளிலேயே டேக் பகுதி நம் காதின் எல்லையைத் தொட்டுவிட்டது.

ஃபேன் இன்னொரு முடிவையும் நமக்காக எடுக்கிறது. எச்டி 600 போன்ற திறந்த முதுகு ஹெட்போன்கள் வெளிச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். இரவில் ஏசி அறையில் கேட்பவருக்கு அவை அருமை. பகலில் நேரு வீதிப் பக்கம் ஹாரன் சத்தத்தில் வாழ்பவருக்கு மூடிய வகையே நல்லது.

தனி டேக் நிச்சயம் வேண்டிய இடமும் உண்டு. லேப்டாப்பின் துளையில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்று கேட்டால், உள்ளே இருக்கும் மின் இரைச்சல் பாட்டில் கலக்கிறது என்று பொருள். யுஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கி, டேக் வேலையை லேப்டாப்புக்கு வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலும் அது போய்விடும்.

கடற்கரைச் சாலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனிக் கவலை. ஹெட்போன் முள்ளின் மேல் மங்கலான படலம் ஏறி, ஒரு பக்கக் காதில் ஒலி விட்டு விட்டு வரும். டேக் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முள்ளைத் துடைத்துப் பாருங்கள். பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

வாங்கும்போது

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன், வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் டிவியும் பிரிட்ஜும் வாங்க இங்கே வருவார்கள். இப்போது அந்த வித்தியாசம் இல்லை. இந்த மாதிரி ஹெட்போன்களைப் பெரும்பாலும் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும். 2011 முதல் இதையே தொழிலாகச் செய்யும் ஹெட்போன் ஸோன் சென்னையில்தான் இருக்கிறது. சென்னைக்கு ஈசிஆரில் மூன்று மணி நேரம்.

32 ஓம் அளவில் சுலபமான ஹெட்போன் வைத்திருப்பவர் நல்ல டாங்கிளோடு நிறுத்திக்கொள்ளலாம். 250, 300 ஓம் வைத்திருப்பவர் 2 வோல்ட்டுக்குக் குறையாத டாங்கிள் தேட வேண்டும். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளை இருந்தால் அதில் பெரும்பாலும் 4 வோல்ட் கிடைக்கும், ஹெட்போன் ஒயரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் டாங்கிள் தருவிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் முழு 1 வோல்ட் வராது. ஐபோனிலும் லேப்டாப்பிலும்தான் முழுசாக வரும். ஆம்ப்பில் கெயின் சுவிட்ச் இருந்தால் முதலில் குறைந்த பக்கத்தில் வையுங்கள். காதுக்குள் செருகும் வகைக்கு அதிக கெயின் வைத்தால் பாட்டுக்குப் பின்னால் உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் கேட்கும்.

பிரெஞ்சுச் சட்டம் போட்ட பூட்டை நாமே திறக்கிறோம் என்பதால் அது செய்த காவலையும் நாமே செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு நான்கு மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்கு 75 டெசிபல். 4 வோல்ட் ஆம்ப்பில் எம்50எக்ஸ் போன்ற ஹெட்போனை மாட்டினால் 120 டெசிபலைத் தாண்ட முடியும். பிள்ளைகள் கைக்கு எட்டும் வீட்டில் அந்த ஆம்ப்பின் வால்யூமை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

ஐம்பதைக் கடந்தவர்கள் ஆம்ப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. ஜிப்மரின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுக்கலாம். எந்தச் சுரத்தில் எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்று அந்தத் தாளில் வரும். ஜால்ராவின் கிணுக்கமும் தம்புராவின் மேல் சுரங்களும் மங்குவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது சற்றுத் தளர்ந்ததால் என்றால், எந்த ஆம்ப்பும் அதைச் சரிசெய்யாது. வால்யூமை ஏற்றினால் எல்லாச் சுரமும் சேர்ந்து ஏறும், மிஞ்சியிருக்கும் கேள்திறனும் தேயும். போனிலேயே இருக்கும் ஈக்வலைஸரில் அந்த இடத்தை மட்டும் மூன்று நான்கு டெசிபல் தூக்கிக் கேட்டுப் பாருங்கள். ஐபோனில் ஆடியோகிராமையே ஏற்றி அதற்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதி இருக்கிறது. அதற்குச் செலவில்லை, பாரிஸ் சித்தப்பாவின் அரை வோல்ட் டாங்கிளோடும் அது வேலை செய்யும்.